மேற்கா, கிழக்கா? சக்கர நாற்காலியோடு மத்தியதரைக் கடல் துறைமுகங்கள்

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு 71 வயது, பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. கையைப் பிடித்துக்கொண்டால் நாலைந்து அடி வைப்பார், படி ஏற மாட்டார், மற்றபடி சக்கர நாற்காலிதான். மே மாதம் ஏழு இரவுக் கப்பல் பயணம் போக ஆசை. ஒரு வழி பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பால்மா என்று மேற்கே சுற்றுகிறது. இன்னொன்று ஏதென்ஸில் ஏறி மிக்கோனோஸ், சாண்டோரினி, குஷாதாசி, ரோட்ஸ் என்று கிழக்கே போகிறது. கிழக்கு வழி விலை குறைவு, படங்களும் கண்ணைப் பறிக்கின்றன. எதை எடுப்பது?

மேற்கு வழியை எடுங்கள். விலை வித்தியாசம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்கு வழி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு பதினான்கு வருடமாகச் சக்கர நாற்காலி. அவரைத் தள்ளிக்கொண்டு இந்தக் கடலில் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை நாங்கள் எடுத்தது நீங்கள் சொல்கிற அதே கிழக்கு வழி. விளம்பரத்தில் 'வீல்சேர் வசதி உண்டு' என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை, கப்பலில் இருந்தது. அகலமான லிஃப்ட், உட்கார்ந்து குளிக்கிற மாதிரி குளியலறை, தியேட்டரில் நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடம், எல்லாம் இருந்தது. கரையைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதனால் கப்பலை விட்டுவிட்டு, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் மூன்று விஷயம் பாருங்கள். கப்பல் கரையோடு கட்டுமா, நடுக்கடலில் நிற்குமா? கட்டினால், அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம், நடுவில் என்ன வண்டி? ஊருக்குள் போனால் தரை எப்படி? இந்த மூன்றில் முதலாவதுதான் ஒரு நாளையே இல்லாமல் ஆக்கக்கூடியது.

சாண்டோரினியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது. கரை என்பது செங்குத்தான பாறைச் சுவர், பெரிய கப்பல் வந்து கட்டுவதற்குத் துறையே கிடையாது. கப்பல் நடுவில் நிற்கும், டெண்டர் என்கிற சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டு போவார்கள். கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். வெளியே படகு ஒரு படி உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மாலுமிகள் பயணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நேரம் பார்த்து 'இப்போ' என்பார்கள். அந்த நொடியில் காலைத் தூக்கி வைத்துவிட வேண்டும். காலை வைக்க முடியாதவரை, 'ஆளைத் தூக்குவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை' என்று மரியாதையாக நிறுத்திவிடுவார்கள். பல நிறுவனங்களில் விதியே அதுதான். எடை அதிகமுள்ள பேட்டரி நாற்காலியை டெண்டரில் ஏற்றுவது பெரும்பாலும் நடக்காது. சில புதிய கப்பல்களில் நாற்காலியோடு உருண்டே படகுக்குள் போகிற அமைப்பு இருக்கிறது. அப்போதும் அலையைப் பார்த்து அன்று காலையில் கேப்டன் எடுக்கிற முடிவுதான் கடைசி.

என் வீட்டுக்காரர் 'நீ போய் வா' என்றார். போனேன். கரையில் இறங்கினால் மேலே ஃபிரா ஊருக்குப் போக 580க்கும் மேற்பட்ட படிகள், இல்லாவிட்டால் கழுதை, இல்லாவிட்டால் கேபிள் கார். கேபிள் காருக்கு ஒரு மணி நேர வரிசை, பெட்டிக்குள் ஏறவும் படி. மேலே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்ன பார்த்தாய் என்று கேட்டார். படி என்றேன்.

உங்கள் அம்மா நாலைந்து அடி வைப்பார் என்பதால் கடல் அமைதியாக இருக்கும் நாளில் டெண்டரில் ஏற்றிவிடக்கூட வாய்ப்பு உண்டு. ஆனால் திரும்பி வரும்போதும் கடல் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் பலவீனமாக இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயம் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கிழக்கு வழியின் மற்ற ஊர்கள் இவ்வளவு மோசமில்லை. மிக்கோனோஸில் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி டூர்லோஸ் என்ற இடத்தில் புதிய துறை இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் கட்டுவார்கள், கூட்டமாக இருந்தால் டெண்டர்தான். குஷாதாசியில் கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே கட்டும், இறங்கும் இடம் சமதளம். ஆனால் அங்கே இறங்குவது எபேசஸ் என்கிற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கத்தான். அது மேல் வாசலிலிருந்து கீழ் வாசல் வரை தேய்ந்த சலவைக்கல் சரிவு. இறக்கத்தில் நாற்காலியைப் பிடித்து நிறுத்தியே என் மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. ரோட்ஸில் கப்பல் பழைய கோட்டைச் சுவருக்கு எதிரிலேயே நிற்கும். உள்ளே போனால் கூழாங்கற்களை நெட்டுக்குத்தாக நட்டுப் போட்ட தெருக்கள். பார்க்க அத்தனை அழகு, தள்ளுகிறவருக்குத்தான் தெரியும்.

ஏதென்ஸை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இந்தக் கடலிலேயே நல்ல இடங்களில் ஒன்று. பிரேயஸ் துறையில் கப்பல் கரையோடு கட்டுகிறது. மெட்ரோவின் 3ஆம் பாதை 2022 அக்டோபரில் பிரேயஸ் வரை வந்துவிட்டது, புதிய நிலையங்களில் லிஃப்ட் உண்டு. சின்டாக்மா நிலையத்தில் 2ஆம் பாதைக்கு மாறினால், பழைய கோயில்கள் நிற்கிற அக்ரோபோலிஸ் பாறையின் அடிவாரம். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து மெட்ரோ வரை மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள், தூரம் உண்டு. அக்ரோபோலிஸ் பாறையில் 2004 பாராலிம்பிக்ஸ் சமயத்தில் ஒரு லிஃப்ட் வைத்தார்கள். பிறகு 2020 டிசம்பர் 3 அன்று, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், புதிய லிஃப்டைத் திறந்தார்கள். பாறையை ஒட்டிச் சாய்வாக ஏறுகிற கண்ணாடிப் பெட்டி. மேலே பார்த்தனான் கோயில் வரை கான்கிரீட் பாதையும் போட்டார்கள். புராதனப் பாறை மேல் கான்கிரீட்டா என்று தொல்லியல்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாதையில் என் கணவர் யார் உதவியும் இல்லாமல் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தனானுக்கு முன்னால் நின்றதைப் பார்த்தவள் நான், என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். காற்று பலமாக அடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கிற அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் 2009இல் திறந்தது, உள்ளே எங்கும் தடையில்லை. அம்மாவுக்குக் கிரேக்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தால் விமானத்தில் ஏதென்ஸ் போய் மூன்று நாள் தங்குங்கள். அதற்குக் கப்பல் வேண்டாம்.

இனி மேற்கு. நீங்கள் எழுதிய ஆறு ஊர்களிலும் பெரிய கப்பல் கரையோடு கட்டுகிற வழக்கம். மத்தியதரைக் கடலில் இன்னொரு சௌகரியம், பெரும்பாலான இடங்களில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்குவது ஒரு முழம்கூட இருக்காது. அதனால் காலையில் கப்பலிலிருந்து இறங்கும்போது கேங்வே என்கிற இறங்குபலகை எந்தச் சாய்வில் இருந்ததோ, மாலையிலும் ஏறக்குறைய அதேதான். ஓதம் பெரிதாக உள்ள ஊர்களில் மத்தியானத்துக்குள் அது ஏணி மாதிரி ஆகிவிடும். சாய்வு அதிகமாகத் தெரிந்தால் கப்பல் ஆட்களே வந்து நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்குவார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திடீரென்று முதுகுப் பக்கமாக இறக்கினால் யாருக்கும் பயம் வரும்.

பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் நிற்பது அடோசாட் என்ற நீளமான துறையில். ஊருக்கு நடந்து போக முடியாது என்றில்லை, ஆனால் பாலம் ஏறி வெயிலில் தள்ள வேண்டும். கொலம்பஸ் சிலை வரை ஷட்டில் பஸ் போகிறது, சாய்பலகை உண்டு. அங்கிருந்து லா ரம்ப்லா தெரு நல்ல அகலம். 1992 ஒலிம்பிக்ஸும் பாராலிம்பிக்ஸும் இந்த ஊரில்தான் நடந்தன. அந்தச் சாக்கில் நடைபாதை முனைகளைச் சரித்துக் கட்டினார்கள், அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. நகரப் பேருந்துகள் எல்லாமே தாழ்தளம். சாக்ரதா ஃபமிலியா தேவாலயத்தின் உள்தளம் முழுக்க நாற்காலியில் சுற்றலாம். கோபுரங்களுக்கு மட்டும் போக முடியாது. பயணம் தொடங்குவது இங்கே என்றால் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

மார்செய் துறை ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது, எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஷட்டிலையோ டாக்சியையோ நம்பலாம். மெட்ரோவை நம்ப வேண்டாம், லிஃப்ட் இல்லாத நிலையங்கள்தான் அதிகம். பழைய துறைமுகத்தைச் சுற்றி அகலமான சமதளம், பக்கத்திலேயே 2013இல் திறந்த மூசெம் அருங்காட்சியகம். அரை நாளுக்கு அது போதும். ஜெனோவா சுலபம். கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கும், பழைய துறைமுகப் பகுதி தட்டையானது, அங்கே பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது. மேட்டுச் சந்துகளுக்குள் போகாதீர்கள். பால்மாவில் கடற்கரையை ஒட்டியே சமமான பாதை, கதீட்ரல் நாலு கிலோமீட்டர். போகும்போது டாக்சி, வரும்போது கடல் காற்றில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரலாம்.

சிவிட்டாவெக்கியாதான் யோசிக்க வேண்டிய இடம். ரோமுக்கான துறைமுகம் என்று பேர், ரோம் இருப்பதோ எழுபது எண்பது கிலோமீட்டருக்கு அப்பால். துறைமுகத்துக்குள் ஓடுகிற இலவச பஸ் வாசல் வரை கொண்டு விடும், பிறகு ரயில் நிலையம் போக இன்னொரு வண்டி. இத்தாலிய ரயில்வேயில் 'சாலா ப்ளூ' என்று உதவிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்தால் தூக்குமேடை கொண்டுவந்து நாற்காலியோடு ரயிலில் ஏற்றி, இறங்கும் இடத்திலும் ஆள் வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரும்பும் ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பலே நடத்துகிற சுற்றுலாவில் போனால், அது தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. ரோமுக்கு மட்டும் அதற்குக் காசு கொடுப்பது தப்பில்லை.

ஆனால் ஒன்று. 'வீல்சேர் உள்ளவர்களும் வரலாம்' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் ஒரு முறை அப்படி ஒன்றை வாங்கி, காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் சாதாரண உயரமான பஸ். நாற்காலியை மடித்து அடியில் போடுவோம், ஆள் நாலு படி ஏறி வர வேண்டும் என்றார்கள். அதுதான் அவர்கள் சொன்ன வசதி. பணம் திரும்ப வந்தது, ரோம் வரவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது 'லிஃப்ட் பொருத்திய வண்டியா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறலாமா' என்பதைத்தான். அந்த வண்டிகளில் சில இடங்களுக்கு மேல் இருக்காது, பயணத்துக்கு மாதங்கள் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

ரோமுக்குள் பழைய தெருக்களில் சம்பியெத்ரினி என்கிற சின்னச் சின்னக் கருங்கல் பாவியிருக்கிறார்கள். நாற்காலியின் முன்சக்கரம் அந்த இடுக்கில் மாட்டினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். என் வீட்டுக்காரருக்கு அந்த அதிர்வில் கால் இழுப்பே வந்துவிட்டது, பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திக் காலை நீவிவிட வேண்டியதாயிற்று. பக்கவாதம் வந்த காலிலும் இறுக்கம் இருக்கலாம், அம்மாவுக்கு இருந்தால் இதை மறக்காதீர்கள். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரம் இரண்டில் மட்டும் உருட்டுங்கள். ஒரே நாளில் நாலு இடம் என்று ஓடாதீர்கள். கொலோசியத்தில் மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. புனித பீட்டர் பேராலயத்துக்குள் சாய்தளம் வழியாகப் போகலாம். அதன் குவிமாடத்துக்கு லிஃப்ட் என்று கேள்விப்பட்டு ஏமாறாதீர்கள், லிஃப்ட் பாதி வரைதான், மேலே முந்நூற்றுச் சொச்சம் படி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிம்மதியாகப் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நேப்பிள்ஸ் எனக்குப் பிடித்த ஊர். கப்பல் ஊரின் நெஞ்சிலேயே கட்டும், துறைமுகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரில் கோட்டை. பொம்பெய் என்கிற பழைய ரோமர் நகரத்தின் இடிபாடுகள் 25 கிலோமீட்டர். ரோமர்கள் அங்கே தெருவைக் கடக்கப் படிக்கற்கள் மாதிரி பெரிய பெரிய கற்களைத் தெரு நடுவில் போட்டு வைத்தார்கள், வண்டிச் சக்கரத் தடம் கல்லில் பள்ளமாகவே பதிந்திருக்கிறது. நாற்காலிக்கு இதைவிட மோசமான தெருவை யாரும் யோசித்துச் செய்ய முடியாது. ஆனால் 2016 டிசம்பரில் 'எல்லோருக்கும் பொம்பெய்' என்ற பெயரில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தனிப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். தடைகள் வருகிற இடத்தில் சாய்தளமும் மேடையும் போட்டிருக்கிறார்கள். ஆம்பிதியேட்டர் பக்கத்து வாசலில் நுழைய வேண்டும், ரயில் நிலையம் பக்கமிருக்கிற வாசலில் இல்லை. டாக்சிக்காரர் வழக்கமான வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், அதனால் ஏறும்போதே சொல்லுங்கள். எங்களுக்கு முதல் தடவை அந்த வாசல் தெரியாமல் முக்கால் மணி நேரம் வீணாயிற்று. பாதை இருக்கிறது என்றாலும் ஏற்றம் உண்டு, தள்ள இரண்டு பேர் வேண்டும், நிழல் கிடையாது. வெயில் தாங்காது என்றால் ஊருக்குள்ளேயே தேசிய தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பொம்பெயில் எடுத்த ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான், லிஃப்டும் இருக்கிறது. கேப்ரி தீவு ஆசையை விட்டுவிடுங்கள்.

சில கப்பல்கள் இந்தச் சுற்றில் ஏதாவது ஒரு ஊருக்குப் பதிலாக மால்டாவின் வலெட்டாவைச் சேர்க்கும். அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஊர் மலை மேல், கப்பல் கீழே, தெருக்கள் பாதி படிக்கட்டு. கேட்டால் நடக்காத காரியம் போலத்தான் தோன்றும். ஆனால் 2012 டிசம்பரில் திறந்த பராக்கா லிஃப்ட் 58 மீட்டர் உயரம் தூக்கி மேலே தோட்டத்தில் கொண்டு விடுகிறது. கப்பலிலிருந்து லிஃப்ட் வரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. மேலே போய்த் துறைமுகத்தைப் பார்த்தால் நம் கப்பல் பொம்மை மாதிரி நிற்கும். இதற்கு நேர்மாறு வெனிஸ். அங்கே 2008இல் கட்டடக் கலைஞர் கலட்ராவாவின் புதிய பாலத்தைப் படியோடு கட்டிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் முட்டை வடிவப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டார்கள், அது ஒழுங்காக ஓடாமல் 2020இல் கழற்றி எடுத்துவிட்டார்கள். வெனிஸில் நாற்காலிக்கு உருப்படியான வண்டி வாப்பொரெட்டோ என்கிற படகு பஸ்தான், மிதக்கும் மேடையிலிருந்து நேராக உருண்டு ஏறலாம். ஆனால் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஊருக்கு முன்னால் வர முடியாது, மார்கேரா மாதிரி தள்ளியிருக்கும் துறைகளில்தான் நிற்கின்றன.

இப்போது பதிவு செய்வது பற்றி. சாதாரணக் கேபினை எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் மடக்கு நாற்காலி வெளி அகலம் 65 சென்டிமீட்டர் வரை வரும், சாதாரணக் கேபின் கதவுக்குள் அது நுழையாது. குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி வேறு. சக்கர நாற்காலிக் கேபின்கள் ஒரு கப்பலில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், முதலில் தீர்வதும் அவைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1177/2010 என்று ஒரு கடல் பயணிகள் சட்டம் இருக்கிறது, 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில். அங்குள்ள துறைமுகத்தில் ஏறுகிற கப்பல் பயணத்துக்கும் பொருந்தும். 48 மணி நேரம் முன்னால் தெரிவித்திருந்தால் துறைமுகத்தில் ஏற இறங்க உதவி செய்தே ஆக வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. அவர்கள் தவறால் நாற்காலி உடைந்தால் பழுது பார்க்கவோ புதிதாக வாங்கவோ ஆகும் செலவு அவர்களுடையது. கேபின் தேவையை மட்டும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். எதையும் போனில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் வாங்கி, அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு யூடிஐடி (இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். இத்தாலியில் அரசு நடத்துகிற கொலோசியம், பொம்பெய் போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளியையும் உடன் வருபவரையும் கட்டணமில்லாமல் விடுகிற வழக்கம் உண்டு, அட்டை காட்டச் சொல்வார்கள். டாக்டர் கடிதமும் ஆங்கிலத்தில் ஒன்று இருக்கட்டும். நாற்காலியின் முன்சக்கரம் சின்ன கெட்டி ரப்பராக இருந்தால் பெரிதாக மாற்றுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் நம் ஊர் தேர் வீதியில் அம்மாவை உட்காரவைத்து அரை மணி நேரம் தள்ளிப் பாருங்கள். உங்கள் முதுகு என்ன சொல்கிறது, அம்மா எத்தனை நேரம் தாங்குகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், எல்லா ஊரிலும் இறங்கியே தீர வேண்டும் என்று வைக்காதீர்கள். ஆறில் மூன்று போதும். நாங்கள் மார்செய் நாளைக் கப்பலிலேயே கழித்தோம். ஊரே இறங்கிப் போயிருக்க, மேல்தளம் முழுக்க எங்களுக்கு. லிஃப்டுக்கு வரிசை இல்லை, அவர் மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

கப்பல் பெயரும் தேதியும் முடிவானால் இங்கேயே எழுதுங்கள். பொம்பெய்க்கு லிஃப்ட் வைத்த வண்டியை எப்படிப் பிடிப்பது என்று தனியாகச் சொல்கிறேன், அதில் கொஞ்சம் பேரம் இருக்கிறது.